முற்றத்தில் நட்ட மரம்: சோலைப் புல்வெளி பற்றி ஓர் எளிய விளக்கம்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பேருந்து. ஒன்பதாவது மைல் பக்கம் வரும்போது பக்கத்து இருக்கைப் பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "எவ்ளோ எடம் பாருங்க தம்பி, சும்மா கெடக்குது. நாலு மரத்த வெச்சா மழையாவது வரும்ல?"

வெளியே மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. சினிமாக்காரர்கள் அடிக்கடி வந்து போவதால் ஷூட்டிங் மட்டம் என்றே பெயராகிவிட்ட இடம். நான் "ஆமாங்கய்யா" என்று தலையாட்டிவிட்டேன். பாட்டும் டீசல் சத்தமுமாக இருந்த பேருந்தில் வேறு என்ன சொல்ல? ஆனால் அவர் சொன்னதைத்தான் பள்ளிக்கூட மரம் நடு விழாவிலும் வாட்ஸ்அப்பிலும் அன்றாடம் கேட்கிறோம். இயற்கையைக் காப்பது என்றால் மரம் நடுவது, மரம் இல்லாத இடம் என்றால் கெட்டுப்போன இடம். இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை நீலகிரிப் புல்வெளியை வைத்தே பார்த்துவிடலாம்.

முற்றம் வீணான இடமா?

நம் ஊர்ப் பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். கூரை கிடையாது, கட்டில் போட முடியாது. புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது வெற்றிடம். ஆனால் வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மழைத்தண்ணீர் அங்கே விழுந்துதான் வெளியே போகும். நெல் காய்வதும் அங்கேதான். "சும்மா கிடக்கிறதே" என்று அதன்மேல் ஓர் அறையைக் கட்டினால் ஓர் அறை கூடும். வீடு இருட்டாகிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளும் ஏறக்குறைய இப்படித்தான். நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு ஆகிய இடங்களில் சுமார் 1,700 மீட்டருக்கு மேலே போனால் இரண்டு விதமான நிலம் பின்னிக் கிடக்கும். மலை மடிப்புகளில், ஓடை ஓரங்களில் அடர்ந்த குட்டை மரக்காடு. மற்ற சரிவெல்லாம் புல். அந்தக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். பேச்சுத் தமிழில் எந்த மரத்தோப்பையும் சோலை என்போம். மலையில் அந்தச் சொல் இந்த ஒரு வகைக் காட்டை மட்டுமே குறிக்கும். மரங்கள் மெதுவாக வளரும், கிளையெல்லாம் பாசி படர்ந்திருக்கும், உள்ளே போனால் நண்பகலிலும் ஈரமும் இருட்டும்தான்.

மண், நீர், செடி, விலங்கு, பூச்சி எல்லாம் ஒன்றை ஒன்று சார்ந்து இயங்கும் அமைப்பைச் சூழல்தொகுதி என்பார்கள். இங்கே சோலையும் புல்லும் சேர்ந்ததுதான் ஒரு சூழல்தொகுதி. அறைகளும் முற்றமும் சேர்ந்து ஒரு வீடு ஆவதைப் போல.

புல் எப்படி மரத்தைத் தள்ளி நிறுத்துகிறது

சோலையின் விளிம்பில் போய் நின்றால் ஒரு விஷயம் விசித்திரமாகப் படும். காடு மெல்ல மெல்லக் குறைந்து புல்லாக மாறுவதில்லை. கத்தியால் வெட்டினாற்போல் முடிந்துவிடுகிறது. ஓரடி இந்தப் பக்கம் காடு, ஓரடி அந்தப் பக்கம் புல். மரத்தின் விதை அந்த ஓரடியைத் தாண்டாதா? தாண்டும், முளைக்கவும் செய்யும். பிழைப்பதுதான் பாடு.

முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வானம் தெளிவாக இருக்கிற இரவுகளில், ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். விடிகாலையில் உப்புக் கொட்டியதுபோல் புல் வெளுத்திருக்கும். மிதித்தால் காலடியில் நொறுங்கும். வெயில் ஏறியதும் உருகி ஓடிவிடும். தேயிலை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், ஒரே இரவில் கொழுந்தெல்லாம் கருகிப்போகும்.

பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே கிளம்பும். சோலைக்குள் இருக்கிற கன்றுக்கு மேலே இலைக்கூரை போர்வை மாதிரி அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெளியே முளைத்த கன்றுக்குப் போர்வை இல்லை. அதன் நுனிக் குருத்து உறைந்து செத்துவிடும்.

சரி, அதே குளிரில் புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? மரக்கன்று வளர்வது நுனியில். புல் வளர்வது அடியில், மண்ணை ஒட்டி. இலை கருகினாலும், தீ பட்டாலும், மாடு மேய்ந்தாலும் அடிக்குருத்து பத்திரமாக இருக்கும். அறுக்க அறுக்கத் தழைக்கும். குளிர், தீ, மேய்ச்சல் என்று மரக்கன்றைக் கொல்லும் மூன்றையும் தாங்குகிற உடம்பு புல்லுக்கு வாய்த்திருக்கிறது.

ஆக, இங்கே மரம் இல்லாததற்கு யாரும் நடாதது காரணம் இல்லை. அந்தக் குளிரில் சோலை மரத்தின் கன்று திறந்த வெளியில் தேறாது. அதனால் சோலை மடிப்புகளிலும் புல் சரிவுகளிலுமாக நின்றுகொண்டிருக்கின்றன.

காட்டை அழித்ததால் வந்த புல்லா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. சமவெளியில் பல இடங்களில் காட்டை வெட்டிய பிறகுதான் புல் வந்தது. நீலகிரியிலும் அப்படித்தான் என்று வெகுகாலம் பலர் நினைத்தார்கள்.

விடை சதுப்பில் கிடைத்தது. மலையின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிய இடங்களில், செத்த செடிகள் முழுதாக மக்காமல் கரிய மண்ணாக அடுக்கடுக்காய்ப் படியும். ஆழம் போகப் போகப் பழைய அடுக்கு. வெப்பமண்டலப் புல்லில் பெரும்பாலானவையும் மரங்களும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் விதத்தில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. செடி செத்த பிறகும் அந்த வேறுபாடு மண்ணில் அப்படியே தங்கும். ராமன் சுகுமார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீலகிரிச் சதுப்பு மண்ணை இப்படிச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. காலநிலை மாறும்போது சில காலம் புல் கூடியிருக்கிறது, சில காலம் காடு கூடியிருக்கிறது.

20,000 ஆண்டு என்றால் மலைக்கு ஏரும் மந்தையும் வருவதற்கு வெகு முன்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்கள் தங்கள் கோயில் கூரைக்குச் சதுப்புப் புல்லை அறுத்ததும், ஏற்கெனவே இருந்த புல்வெளியில்தான்.

மரம் வந்த கதை

ஆங்கிலேயர்கள் 1820களில் ஊட்டியில் குடியேறத் தொடங்கினார்கள். குளிருக்கு விறகு வேண்டும், வீட்டுக்கு மரம் வேண்டும். பக்கத்தில் இருந்த சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும் ரகம், வெட்டிய வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேகமாக வளரும் மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று யூகலிப்டஸ், நம் பேச்சில் தைல மரம். மற்றொன்று வாட்டில், நீலகிரியில் சீகை என்பார்கள். தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் வேறு, இது வேறு.

இதைச் சும்மா வெள்ளைக்காரன் செய்த கேடு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் பெரிய அளவில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களிலிருந்து 1980கள் வரை. தோல் பதனிட வாட்டில் பட்டை தேவைப்பட்டது. ரேயான் நூலுக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. அரசுக் கணக்கில் புல்வெளி பயனற்ற நிலம். பயனற்ற நிலத்தில் பயன் தரும் மரம் வைப்பதை யார் குறை சொல்வார்கள்? அன்றைக்கு அது முன்னேற்றம்தான். 1988இன் தேசிய வனக் கொள்கை வந்த காலத்தில்தான் புல்வெளிகளில் இப்படி நடுவது ஏறக்குறைய நின்றது.

நாம் நிறுத்தினோம். வாட்டில் நிறுத்தவில்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த செடியெல்லாம் கெடுதல் இல்லை. ஊட்டி உருளைக்கிழங்கும் வெளிநாடுதான், சாம்பாரில் போடுகிற மிளகாயும் வெளிநாடுதான். வந்த இடத்தில் யார் உதவியும் இல்லாமல் தானே பரவி, அங்கே இருந்ததை விரட்டுகிற செடிக்கு மட்டும்தான் ஆக்கிரமிப்புத் தாவரம் என்று பெயர். தைல மரம் பெரும்பாலும் நட்ட இடத்தோடு நின்றுவிட்டது. வாட்டில் அப்படி இல்லை. அதன் கன்று, சோலை மரக் கன்றைவிட உறைபனியை நன்றாகத் தாங்கும். புல்வெளிக்கு இருந்த பெரிய காவல் குளிர். அந்தக் காவலைத் தாண்டுகிற ஆளை நாமே அழைத்து வந்துவிட்டோம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், இந்தப் புல்வெளி பழையது, தானாக அமைந்தது. அதைத் தரிசு என்று எண்ணித்தான் மரம் வைத்தார்கள். வைத்ததில் ஒரு மரம் கைமீறிப் போய்விட்டது. போகட்டுமே, மரம்தானே, பச்சையாகத்தானே இருக்கிறது என்று கேட்டால், தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

புல்வெளி பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும் என்று எழுதுவது வழக்கம். தப்பில்லை. ஒரு புல் தூரைக் கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் வேர் பாய் முடைந்தது போல் இருக்கும். கீழே மண் கறுத்து, வெயில் நாளிலும் விரலில் ஈரம் ஒட்டும். ஆனால் பஞ்சு உவமையில் பாதிதான் வருகிறது. மீதியைச் சம்பளக் கணக்கில் பார்க்கலாம்.

மழைதான் சம்பளம். ஓடையில் போவதுதான் கையில் மிஞ்சுவது. நடுவே வீட்டுச் செலவு ஒன்று உண்டு. செடி வேரால் தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. அதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். மரமோ புல்லோ, இந்தச் செலவு இல்லாமல் உயிர்வாழ முடியாது. ஆனால் ஆளுக்கு ஆள் செலவு வேறு. புல் குட்டையானது, வேர் ஆழம் குறைவு, வறண்ட மாதங்களில் காய்ந்து அடங்கிவிடும். வேகமாக வளரும் தைல மரம் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். ஆழத்துக்கு வேர் விட்டுக் கோடையிலும் உறிஞ்சும்.

இது வெறும் யூகம் இல்லை, நீலகிரியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு ஓடைப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றில் பாதிக்கு மேல் தைல மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளிவரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பள்ளத்தாக்கின் நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது.

கீழே இருக்கிறவர்களுக்கு இது சின்ன எண் இல்லை. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி அணைகளெல்லாம் இந்த மேட்டிலிருந்து வரும் ஓடைகளை நம்பி நிற்கின்றன. பவானியும் மாயாறும் ஈரோட்டுப் பக்கத்து வயலுக்குப் போகின்றன.

அப்படியென்றால் சோலை மரமும் தண்ணீர் குடிக்காதா? குடிக்கும். ஆனால் அது இருப்பது மடிப்புகளில் மட்டும், அதுவும் நிதானமாக வளர்கிற மரம். மலை முழுக்க வேகமாக வளரும் மரமாக நிரப்பினால்தான் செலவு சம்பளத்தை விழுங்குகிறது. பெரியவர் சொன்ன மழைக்கு வருவோம். இந்த மலைக்கு மழையைக் கொண்டுவருவது தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்று. ஷூட்டிங் மட்டத்தில் மரம் வைத்தோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை.

வரையாட்டின் கண்ணுக்கு

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. வரை என்றால் மலை, பாறைச் சரிவு. அந்தப் பெயரிலேயே அதன் உயிர் இருக்கிறது. அது மேய்வது புல்வெளியில். புலியோ செந்நாயோ வந்தால் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பாறை விளிம்புக்கு ஓடிவிடும். அங்கே அதைப் பின்தொடர்வது எளிதில்லை. ஆக அதற்கு வேண்டியவை மூன்று: மேயப் புல், பார்க்கத் திறந்த வெளி, ஓடப் பாறை. நடுவில் ஆள் உயரத்துக்கு வாட்டில் புதர் வந்தால் முதல் இரண்டும் போய்விடும். பாறை மட்டும் இருந்து என்ன செய்ய?

உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரே பகுதியில் மட்டும் வாழும் உயிரை ஓரிட வாழ்வி என்பார்கள். வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிட வாழ்வி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் இருக்கிறது. புல் தூருக்கு அடியில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவையும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இந்தப் புல்சரிவுகளில்தான் பூக்கிறது. 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

2022 இறுதியில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. வேட்டையைத் தடுப்பது, கணக்கெடுப்பது எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஆட்டைக் காத்துவிட்டுப் புல்லை வாட்டிலுக்கு விட்டுக்கொடுத்தால், வாடகைதாரரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வீட்டை இடிக்க விட்ட கதையாகிவிடும்.

வெட்டினால் போதுமா?

இதுவரை படித்தவர் "சரி, வாட்டிலை வெட்டிப்போட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். வயலில் கோரை எடுத்தவர்கள் கேட்க மாட்டார்கள். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே சிரிக்கும்.

வாட்டில் கிழங்கு வைக்காது, விதை வைக்கும். அதன் விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் அப்படியே தூங்கும். இப்படி முளைக்காமல் மண்ணில் சேர்ந்து கிடக்கும் விதைக் குவியலுக்கு விதை வங்கி என்று பெயர். நாம் போட்ட பணம் இல்லை, ஆனால் வட்டியோடு திரும்பி வரும். மரத்தை வெட்டியதும் வெயில் மண்ணில் படும், அல்லது தீ பிடித்துச் சூடேறும். அப்போது விதைகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். ஒரு மரம் நின்ற இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கன்று முளைத்துவிடும்.

அதனால் இந்த வேலையில் அனுபவப்பட்டவர்கள் அடர்ந்த வாட்டில் காட்டின் நடுவில் கை வைப்பதில்லை. நல்ல புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குகிறார்கள். செலவு குறைவு, புல்லும் உடனே மீளும். பிறகு ஓரத்திலிருந்து உள்ளே போகிறார்கள். வெட்டிய இடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் திரும்பிப் போய் முளைத்ததைக் கையால் பிடுங்க வேண்டும். புல் தானாக வராத இடத்தில் புல் நாற்று நட வேண்டும். ஆமாம், புல் நடுவிழா! மூணாறுக்கு அப்பால் ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில் வாட்டில் நின்ற நிலத்தைப் புல்வெளியாக மீட்டிருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சில பழைய வாட்டில் தோப்புகளில், அந்த நிழலையே போர்வையாக வைத்துக்கொண்டு சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் கன்றும் போகும், விதை வங்கியும் திறக்கும். பேசாமல் விட்டால் ஒருநாள் சோலை ஆகலாம். அப்புறம் அக்கம்பக்கத்து ஊர்களில் பல வீட்டு அடுப்பு சீகை விறகில்தான் எரிகிறது. அவர்களைக் கேட்காமல் போடுகிற திட்டம் காகிதத்தில்தான் நிற்கும்.

புல்வெளியை அப்படியே பூட்டி வைப்பதும் காப்பதாகாது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் குளிர்காலத்தில் புல்லைப் பகுதி பகுதியாகத் திட்டமிட்டு எரிக்கும் வழக்கம் உண்டு. காய்ந்த புல் சேர்ந்து கோடையில் பெருந்தீ ஆகாமல் அது தடுக்கிறது, வரையாட்டுக்கு இளம்புல்லும் கிடைக்கிறது. நீடித்த மேலாண்மை என்று அறிக்கைகளில் வரும் சொல்லுக்கு இந்த இடத்தில் இதுதான் பொருள்: எதைப் பிடுங்குவது, எதை விடுவது, எப்போது எரிப்பது என்று இடம் பார்த்து முடிவெடுத்து, அதை ஆண்டுதோறும் தொடர்ந்து செய்வது.

அப்படியானால் மரமே நடக் கூடாதா?

நடலாம். தெருவில், பள்ளிக்கூடத்தில், குளக்கரையில், மரம் இருந்து வெட்டப்பட்ட நிலத்தில் தாராளமாக நடலாம். நடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஊர்க்காரர் நாலு பேரைக் கேட்டால் போதும். புல் என்றால், புல்லைக் காப்பதுதான் அங்கே வேலை.

இதற்கு மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே நிழலுக்கு வெள்வேல மரம். காங்கேயம் மாடு வளர்ந்ததே அந்தப் புல்லில்தான். மழை பெய்து புல் தழைக்கும் வரை மாட்டை உள்ளே விடாமல் வேலியை அடைத்து வைப்பார்கள். முக்கால்வாசி புல்தான், ஆனாலும் அதற்கு அங்கே பெயர் காடு.